காலுறை மாட்டச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்



இந்த மாதக் கல்விப் பாடத்துக்கு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவரை எடுத்திருக்கிறேன். அவர் பெயர் ஜான் வுடன். முஸ்லிம் அல்லர், தேவாலயப் பணிகளில் ஈடுபட்டிருந்த கிறிஸ்தவர். நமது அறக்கட்டளை இதழில் பந்து விளையாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். அவர் தம்மைக் கடைசி வரை ஆசிரியர் என்றே சொல்லிக்கொண்டவர். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. விளையாட்டு அதற்கு ஒரு வழி, அவ்வளவே.

வுடன் 1910-இல் இந்தியானா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பன்றிகளுக்குப் போட்ட தடுப்பு மருந்து கெட்டுப்போனதாலும் வறட்சியாலும் தந்தை பண்ணையை இழந்தார். அந்த மனிதர் யாரையும் குறை சொல்லவில்லை என்பது மகன் மனதில் பதிந்துவிட்டது. அடுத்தவனைவிடப் பெரியவனாக முயலாதே, உன்னால் முடிந்த அளவுக்குச் சிறந்தவனாக முயல்வதை விடாதே என்பது தந்தை கொடுத்த அறிவுரை. பர்டியூ பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே வுடன் நாடறிந்த ஆட்டக்காரர். 1932-இல் திருமணத்துக்குச் சற்று முன் வங்கி மூழ்கி, சேமிப்பான 909 டாலரும் போய்விட்டது. பிறகு உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். முதல் ஆண்டு அவருடைய அணி ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம்.

போருக்குப் பின் இந்தியானா மாநில ஆசிரியர் கல்லூரிக்கு வந்தார். 1947-இல் அவருடைய அணி தேசியப் போட்டி ஒன்றுக்கு அழைக்கப்பட்டது. ஆனால் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. அவர் அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற ஒரே ஒரு கறுப்பின மாணவர் இருந்தார். அவரும் முன்வரிசை ஆட்டக்காரர் அல்லர். அவரை விட்டுவிட்டுப் போயிருந்தால் ஊரில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வுடன் அழைப்பையே மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு அந்தத் தடை நீங்கியது. வாக்கரும் சேர்ந்து போனார், அணி இறுதி ஆட்டம் வரை சென்றது.

1948-இல் இரண்டு பல்கலைக்கழகங்கள் அவரை அழைத்தன. அவருக்கு விருப்பம் மின்னசோட்டாவின் மீது. அவர்கள் குறித்த நேரத்தில் தொலைபேசியில் அழைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பனிப்புயலில் தொலைபேசித் தொடர்பு அறுந்துவிட்டது. அழைப்பு வராததால், லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு (யு.சி.எல்.ஏ.) வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பிறகு மின்னசோட்டாவின் அழைப்பும் வந்தது. கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, தாம் படித்த பர்டியூவே அழைத்தபோது போக ஆசைப்பட்டார். மூன்று ஆண்டு ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்டது நீங்கள்தானே என்று நிர்வாகம் நினைவூட்டியது. தங்கிவிட்டார்.

தங்கிய இடமோ வசதியானதல்ல. பழைய உடற்பயிற்சிக் கூடம். ஒரு பக்கம் மல்யுத்தம், இன்னொரு பக்கம் ஜிம்னாஸ்டிக்ஸ், நடுவில் இவருடைய பிள்ளைகள். பயிற்சிக்கு முன் தரையைத் துடைக்கும் வேலையில் அவரும் கைகொடுப்பார். இப்படிப் 15 பருவங்கள் தேசியப் பட்டம் ஒன்றும் இல்லாமல் போயின. இந்தப் பதினைந்தைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். நம் பிள்ளைக்கு ஒரு காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தாலே டியூஷனை மாற்றுகிறோம். முதல் பட்டம் 1964-இல் வந்தது. அந்த அணியில் மிக உயரமானவர் என்று சொல்ல யாரும் இல்லை. ஆடிய 30 ஆட்டங்களிலும் வெற்றி. எதிரணியை ஆடுகளம் முழுவதும் நெருக்கிப் பிடிக்கும் முறைக்கு மாறலாம் என்று வற்புறுத்தியவர் அவருடைய உதவியாளர் ஜெர்ரி நார்மன். தலைமைப் பயிற்சியாளர் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு 1975-இல் ஓய்வு பெறும்வரை 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்கள். இடையே தொடர்ச்சியாக 88 வெற்றிகள். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் மனிதர் அவர்தான்.

பட்டங்களின் கணக்கு இத்தோடு போதும். அவர் வகுப்புக்குள் போவோம்.

ஒவ்வொரு ஆண்டும் பயிற்சியின் முதல் நாள் அவர் ஆட்டக்காரர்களை உட்காரவைத்து, காலுறை மாட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார். காலுறையை இழுத்துவிட்டு, குதிகால் பக்கமும் சுண்டுவிரல் பக்கமும் சுருக்கம் இல்லாமல் தடவிவிட வேண்டும். பிறகு சரியான அளவுக் காலணி, இறுக்கிக் கட்டிய கயிறு. நாட்டின் தலைசிறந்த பள்ளி ஆட்டக்காரர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த பிள்ளைகள் இவருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களாம். காரணத்தையும் அவர் சொல்லிவிடுவார். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி தவறும், பயிற்சி தவறினால் ஆட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நமக்கு இது புதிதல்ல. வுளூவில் குதிகால் நனையாமல் விட்டவர்களை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்தார்கள் என்பதை மக்தபில் சின்ன வயதிலேயே படித்திருக்கிறோம். சிறியதைச் சரியாகச் செய்யாதவனுக்குப் பெரியது கைகூடாது என்பது நம் மார்க்கம் தினமும் ஐந்து வேளை சொல்லிக்கொடுப்பதுதான்.

1974-75-இல், அவருடைய கடைசிப் பருவத்தில், ரொனால்ட் கலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அவரது பயிற்சிக்கு வந்து உட்கார்ந்தார்கள். 15 பயிற்சி நாட்களில் அவர் வாயிலிருந்து வந்ததையும் கையால் காட்டியதையும் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். இவ்வளவு பெரிய வெற்றியாளர் நிறைய உற்சாகப்படுத்துவார், அல்லது நிறையக் கத்துவார் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். பாராட்டு நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு. அதிருப்தியைக் காட்டியதும் ஏறக்குறைய அதே அளவு. முக்கால் பங்கு வெறும் தகவல்: எதைச் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும். ஒருவன் தவறு செய்தால், சரியான முறையைச் செய்துகாட்டுவார், அவன் செய்தது எப்படி இருந்தது என்று செய்துகாட்டுவார், மறுபடியும் சரியான முறையைச் செய்துகாட்டுவார். எல்லாம் சில நொடிகள்தான். பிறகு அடுத்த வேலை. இரண்டு மணி நேரப் பயிற்சிக்குத் திட்டமிட, காலையில் உதவியாளர்களோடு அதே அளவு நேரம் உட்காருவார். எந்த நிமிடத்தில் என்ன என்பது சிறு அட்டையில் எழுதியிருக்கும்.

இதைப் படித்தபோது எனக்கு மதரஸாவில் ஓதிய ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்கள் தொழுகைக்கு நடுவே, தெரியாமல், பேசிவிட்டார்கள். சுற்றி நின்றவர்கள் முறைத்தார்கள், தொடையில் தட்டி அவரை அடக்கினார்கள். தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் அவரை அடிக்கவில்லை, ஏசவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தொழுகையில் மனிதப் பேச்சு கூடாது, அது தஸ்பீஹும் தக்பீரும் குர்ஆன் ஓதுவதும் என்று விளக்கினார்கள். முஸ்லிமில் வரும் செய்தி இது. இவரைவிடச் சிறந்த ஆசிரியரை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை என்று அந்த ஸஹாபியே சொல்கிறார். முறைத்தவர்களின் கோபம் அவருக்குத் தவறு நடந்துவிட்டது என்பதை மட்டும் தெரிவித்தது. செய்ய வேண்டியது என்ன என்பதை நபியவர்கள்தான் சொன்னார்கள்.

இனி வுடனின் மாணவர் ஒருவர். இன்று கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறியும் அவர் அப்போது லூ அல்சிண்டர், நியூயார்க் பையன், ஏழு அடிக்கு மேல் உயரம். பள்ளியில் படிக்கும்போது, ஆட்டத்தின் இடைவேளையில், அவர் மிகவும் மதித்த பயிற்சியாளர் ஓர் இன இழிசொல்லை அவர் மீது வீசினார். நன்றாக ஆடத் தூண்டுவதற்காகச் சொன்னேன் என்பது அந்தப் பயிற்சியாளரின் விளக்கம். இரண்டாம் பாதியில் அணி நன்றாகவே ஆடியது. ஆனால் அந்தச் சொல் பையனின் நெஞ்சில் பல ஆண்டுகள் கிடந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் மாலை வகுப்பில் கணக்கில் தடுமாறிய ஒரு மாணவனிடம், "உனக்கெல்லாம் அறக்கட்டளைப் பணத்தைச் செலவழிப்பது வீண்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். ரோஷம் வந்து படிப்பான் என்பது என் எண்ணம். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. அவன் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அவன் தாயார்தான் வாசலுக்கு வந்தார். அந்தச் சொல்லில் அவனுக்குக் கணக்கைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்பது இந்த ஆய்வைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அல்சிண்டர் 1965-இல் வுடனிடம் வந்தார். அவர் ஆடிய மூன்று ஆண்டுகளும், 1967, 1968, 1969, பட்டம் அவர்களுக்கே. 1968-இல் அவர் இஸ்லாத்தை ஏற்றார். பெயரை 1971-இல் வெளியே அறிவித்தார். வுடன் தினமும் பைபிள் வாசிப்பவர். ஆனாலும் மாணவரின் முடிவைக் கேலி செய்யவில்லை, அவரிடம் தம் நடத்தையை மாற்றிக்கொள்ளவும் இல்லை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு நீடித்த அந்த நட்பைப் பற்றி கரீம் 2017-இல் ஒரு நூலே எழுதினார். ஒருமுறை வெளியூரில் ஒரு மூதாட்டி கரீமைப் பார்த்து இனத்தைச் சொல்லி இழிவாகப் பேச, பக்கத்தில் நின்ற வுடனுக்குச் சொல்ல வார்த்தை வரவில்லையாம். மனிதன் மனிதனுக்குச் செய்யும் கொடுமையைத் தம் மாணவனிடமிருந்துதான் கற்றேன் என்ற பொருளில் அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். மாணவனிடம் கற்றேன் என்று சொல்ல எத்தனை உஸ்தாத்களுக்கு மனம் வரும்? கரீம் மட்டுமல்ல, 1964-இல் முதல் பட்டம் வென்ற அணியின் வால்ட் ஹசார்டும், 1970-களில் ஆடிய கீத் வில்க்ஸும் பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். வில்க்ஸை ஜமால் வில்க்ஸ் என்றுதான் விளையாட்டுலகம் அறியும்.

அவரைக் குறையில்லாதவராகக் காட்டினால் பாடம் பொய்யாகிவிடும். 1968 ஜனவரியில் ஹூஸ்டன் அணியுடன், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்ட ஆட்டத்தில், எட்கர் லேசி என்ற ஆட்டக்காரரைப் பாதியில் வெளியே உட்காரவைத்தார். திரும்ப ஆட அவருக்கே விருப்பமில்லை போலிருந்தது என்று பிறகு பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். அவமானம் தாங்காமல் லேசி அணியைவிட்டே போய்விட்டார். பொதுவெளியில் சொன்ன ஒரு வாக்கியம்தான். இன்னொன்று, பல்கலைக்கழகத்துக்கு நெருக்கமான ஒரு செல்வந்தர் ஆட்டக்காரர்களுக்கு விதிக்கு மாறான சலுகைகள் செய்துவந்தார். வுடன் ஓய்வு பெற்ற பிறகு, 1981-இல், அதற்காகப் பல்கலைக்கழகம் தண்டிக்கப்பட்டது. அவர் அதில் பங்குபெற்றார் என்று யாரும் காட்டவில்லை. ஆனால் காலுறைச் சுருக்கத்தைக் கவனித்தவர் பையன்களின் புதுச் சட்டையைப் பற்றி விசாரித்திருக்க வேண்டாமா? அறக்கட்டளை நடத்தும் எங்களைப் போன்றவர்கள் இந்தக் கேள்வியை எளிதாகக் கடந்துவிட முடியாது.

வுடன் 2010 ஜூன் 4 அன்று, நூறு வயதுக்குச் சில மாதங்கள் இருக்கையில், காலமானார்.

வரும் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நம் மாலை வகுப்பில் ஒரு சிறு வேலை செய்யப்போகிறோம். பெற்றோர் ஒருவர் பின் வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு அரை மணி நேரம் உட்காருவார். ஆசிரியர் சொல்வதில் எது பாராட்டு, எது ஏச்சு, எது பாடம் என்று மூன்று பத்தியில் கோடு போட்டுக்கொண்டே வருவார். தாளை ஆசிரியரிடம் மட்டும் கொடுப்பார், அலுவலகத்துக்கு வேண்டாம். வீட்டில் பிள்ளையைப் படிக்கவைக்கும்போதும் இதைச் செய்து பார்க்கலாம், கோடு போடுவதைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். முதல் வாரம் என்னுடைய கணக்கு வகுப்பு. நோட்டோடு உட்கார வர விரும்பும் பெற்றோர் அஸ்ருக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும். அந்த மாணவனின் தாயாருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.