ஓடும் காரின் கண்ணாடியில் கல் பட்டால்...?

இன்று ஸ்கூல் விட்டு லஸ் கார்னர் பக்கம் நடந்து போகும்போது, ஓரமாக நிற்கும் ஏதாவது ஒரு காரைக் கவனியுங்கள். (தொட வேண்டாம், அலாரம் அலறும்!) முன் கண்ணாடியின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். ஐ.எஸ்.ஐ. குறியும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் தெரியும். பெரும்பாலும் 'லேமினேட்டட்' என்று போட்டிருக்கும். அப்படியே கதவுக் கண்ணாடியைப் பாருங்கள். அதில் 'டெம்பர்டு' அல்லது 'டஃபண்டு' என்று இருக்கும். ஒரே காரில் எதற்கு இரண்டு வகைக் கண்ணாடி?

கதவுக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிர வைக்கிறார்கள். இதனால் அதன் மேற்பரப்பு எப்போதும் அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். வலுவான கண்ணாடிதான், ஆனால் உடைந்தால் முழுசாகவே உடையும், கற்கண்டு மாதிரிப் பொடிப்பொடியாக. கையைக் கிழிக்காது என்பதால் கதவுக்கு நல்லது. முன்னால் வைத்தால் ஆபத்து. அந்தக் காலத்து வண்டிகளில் முன்னாலும் இதையேதான் வைத்திருந்தார்கள். கல் பட்டால் ஒரே நொடியில் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிடுமாம். எதிரே ஒன்றும் தெரியாமல், கையால் குத்தி ஓட்டை போட்டு அதன் வழியாகப் பார்த்து ஓட்டுவார்கள் என்று எங்கள் தாத்தா சொல்வார். 1993-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, அதற்கு மூன்று வருடம் கழித்துத் தயாராகும் கார்களுக்கு முன்னால் லேமினேட்டட் கண்ணாடிதான் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள்.

லேமினேட்டட் கண்ணாடி ஒரு சாண்ட்விச். சுமார் 2 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் முக்கால் மில்லிமீட்டர் கனத்தில் 'பாலிவினைல் பியூட்டிரால்' என்ற பிளாஸ்டிக் ஏடு. கண்ணாடி உடைந்தாலும் துண்டுகளை இந்த ஏடு விடாமல் பிடித்துக்கொள்ளும்.

இது தற்செயலாகக் கிடைத்த யோசனை. பிரான்ஸ் நாட்டில் எட்வார் பெனடிக்டஸ் என்று ஒருவர், ஓவியரும் அவரே, வேதியியலாரும் அவரே. 1903-ல் அவருடைய ஆய்வகத்தில் அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டதே தவிர சிதறவில்லை. என்னடா இது என்று எடுத்துப் பார்த்தால், முன்பு அதில் வைத்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து உள்ளே ஒரு படலமாக ஒட்டியிருந்தது. கார் விபத்துகளில் கண்ணாடி கிழித்து ஆட்கள் காயப்படும் செய்தியைப் படித்தபோது இந்தக் குடுவை அவர் ஞாபகத்துக்கு வந்தது. 1909-ல் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப்போரில் விஷவாயு முகமூடிகளின் கண் பகுதிக்கு இந்தக் கண்ணாடிதான் போனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மே மாதம் தாத்தாவுக்குச் சதாபிஷேகம். திருக்கடையூரில் திங்கட்கிழமை காலை முகூர்த்தம். ஞாயிறு காலை மயிலாப்பூரிலிருந்து இ.சி.ஆர். வழியாகக் கிளம்பினோம். வண்டி ஓட்டியவர் பெரியப்பா. அடையாறு டெப்போவில் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். மாமல்லபுரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எதிரே ஒரு ஜல்லி லாரி, மேலே தார்ப்பாய் கிடையாது. 'டப்' என்று துப்பாக்கி மாதிரி ஒரு சத்தம். அப்பா உட்கார்ந்திருந்த இடது பக்கக் கண்ணாடியில் ஒரு பொட்டு. அதிலிருந்து நாலு விரல் அகலத்துக்கு ஒரு கோடு.

பாட்டி "ஐயையோ, அபசகுனம்! திரும்பிடலாம்டா" என்று ஆரம்பித்துவிட்டார். முகூர்த்தமோ மறுநாள் காலை. அது கிடக்கட்டும், பெரியப்பா என்ன செய்தார் என்று கேளுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பவும் இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, இடது இண்டிகேட்டர் போட்டு, சாலை ஓரம் அகலமாக இருந்த இடம் வரைக்கும் உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். கல் விழுந்த பயத்தில் நடு ரோட்டில் பிரேக் போட்டுத்தான் நிறைய பேர் பின்னால் வரும் வண்டியிடம் இடி வாங்குகிறார்கள் என்றார்.

அப்புறம் விரல் நகத்தை எடுத்துக் கண்ணாடியின் வெளிப்பக்கம் கோட்டுக்குக் குறுக்கே மெல்ல இழுத்தார். நகம் தட்டியது. உள்பக்கம் இழுத்தார், வழவழவென்று இருந்தது. "வெளித் தகடுதான்டா போயிருக்கு. உள் தகடும் ஏடும் நல்லா இருக்கு. நான் பாக்குற பக்கமும் இல்ல, ஓரத்தையும் தொடல. மெதுவா போலாம்." உள்ளேயும் விரிசல் என்றாலோ, டிரைவரின் பார்வைக்கு நேரே இருந்தாலோ திரும்பியிருப்பாராம். என் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வாங்கி அளந்தார்: 5 செ.மீ. பேப்பரை ஸ்கேல் பக்கத்தில் வைத்து செல்போனில் போட்டோவும் எடுத்தார். பொட்டின் மேல் தூசியும் தண்ணீரும் போகாமல் செலோடேப் ஒட்டினார். ஏ.சி. காற்று கண்ணாடியை நோக்கி அடிக்காமல் கீழே திருப்பிவிட்டார். 80-ல் போனவர் 50-க்கு வந்தார்.

இங்கே ஒரு கணக்குப் போடலாம். பதினோராம் வகுப்பு நண்பர்கள் சரிபார்க்கவும். 10 கிராம் எடையுள்ள ஒரு ஜல்லி காற்றில் சும்மா நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 80 கி.மீ. வேகத்தில் கார் போய் அதன்மேல் மோதுகிறது. அதாவது வினாடிக்கு சுமார் 22 மீட்டர். அதே கல்லை 25 மீட்டர் உயரத்திலிருந்து கண்ணாடிமேல் போட்டால் என்ன அடியோ அதே அடி! மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் சுமார் 54 மீட்டர், அதில் கிட்டத்தட்ட பாதி உயரம். வேகத்தைப் பாதியாக்கினால் ஆற்றல் கால் பங்காகிவிடும். ஜல்லி லாரியைக் கண்டால் ஒட்டிப் போகாமல் விலகி, மெதுவாகப் போகச் சொல்வது இதற்குத்தான்.

பாண்டிச்சேரியில் பொட்டை அடைத்துவிடலாம் என்று தேடினோம். ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டிக் கிடந்தது. அடைப்பது என்றால், விரிசலுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, தண்ணீர் மாதிரி இளகிய ரெசினை உள்ளே செலுத்தி, புற ஊதா விளக்கைக் காட்டி இறுக வைப்பது. ஒளியை வளைப்பதில் ரெசின் கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரியே இருப்பதால் தழும்பு மங்கிவிடும். நாணய அளவுப் பொட்டுக்கும் சின்ன விரிசலுக்கும்தான் இது. 15 செ.மீ.க்கு மேல் ஓடிவிட்டாலோ, ஓரத்தைத் தொட்டுவிட்டாலோ, டிரைவர் பார்க்கும் இடத்தில் இருந்தாலோ பெரும்பாலும் கண்ணாடியையே மாற்ற வேண்டும்.

சாயங்காலம் திருக்கடையூர் போய்ச் சேர்ந்தபோது விரிசல் அதே 5 செ.மீ.தான். திங்கள் காலை சதாபிஷேகம் ஜோராக நடந்தது. பாட்டிக்குச் சகுனமெல்லாம் மறந்தே போச்சு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், வெயிலில் நின்றிருந்த எங்கள் வண்டிமேல் ஒரு பையன் பக்கெட்டிலிருந்து தண்ணீரை வீசி ஊற்றிக்கொண்டிருந்தான். பாவம், நல்ல மனசோடு கழுவித்தர வந்தவன். 'சர்ர்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். கோடு பாம்பு மாதிரி வளைந்து கீழ் ஓரம் வரைக்கும் போய்விட்டது. ஸ்கேல் போதவில்லை!

ஏன் ஓடியது? கண்ணாடி ஒரு டிகிரி சூடு ஏறினால் மீட்டருக்கு சுமார் 0.009 மில்லிமீட்டர் நீளும். 30 டிகிரி வித்தியாசம் என்றால் கால் மில்லிமீட்டர் சொச்சம். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால் ரப்பர் மாதிரி வளைந்துகொடுக்க கண்ணாடிக்குத் தெரியாது. கொதிக்கும் கண்ணாடியின் வெளித்தோல் மட்டும் திடீரென்று குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது, உள்ளே இன்னும் சூடு. வெளித்தோலை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த மாதிரி ஆகிவிடும். ஏற்கெனவே அங்கே ஒரு விரிசல் இருந்தால் இழுவிசை முழுக்க அதன் நுனியில் போய்க் குவியும்.

நுனி என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். தி.நகர் ரங்கநாதன் தெருவில் ரவிக்கைத் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முழுத்துணியை எவ்வளவு இழுத்தாலும் கிழியாது. கடைக்காரர் கத்திரியால் ஓரத்தில் அரை இஞ்ச் வெட்டிவிட்டு இழுத்தால் 'டர்ர்' என்று நேராகப் போகும். சாமி படத்துக்கு பிரேம் போடுகிறவர் கண்ணாடியை அறுப்பதே இல்லை. ஒரு கோடு கீறி, லேசாகத் தட்டுவார், உடையும். இதைக் கணக்காகச் சொன்னவர் இங்கிலாந்தின் ஏ.ஏ. கிரிஃபித். விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். அணுக்களின் பிணைப்பை வைத்துப் பார்த்தால் கண்ணாடி இன்னும் பல மடங்கு வலுவாக இருக்கணுமே, ஏன் இல்லை என்று யோசித்தார். கண்ணுக்குத் தெரியாத குட்டி விரிசல்கள்தான் காரணம் என்று 1921-ல் கட்டுரை எழுதினார். அவர் கணக்குப்படி விரிசல் நாலு மடங்கு நீண்டால் அதை மேலும் ஓட வைக்கப் பாதி விசையே போதும். 5 செ.மீ. விரிசல் 20 செ.மீ. ஆகிவிட்டால், நேற்று தாங்கிய ஸ்பீட் பிரேக்கரை இன்று தாங்காமல் போகலாம்.

ஈரமும் ஒரு எதிரி. விரிசலின் நுனியில் சிலிக்கனும் ஆக்சிஜனும் கை கோத்திருக்கும் இடத்தைத் தண்ணீர் மூலக்கூறு மெதுவாக அவிழ்த்துவிடும். செலோடேப் ஒட்டியது இதற்காகத்தான். எல்லா ஜன்னலையும் ஏற்றிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாலும் உள்ளே காற்றழுத்தம் எகிறிக் கண்ணாடியைத் தள்ளும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி அடித்ததே, அந்த மாதிரி நாளில் ஏறியதும் ஏ.சி.யை முழுசாக வைத்துக் கண்ணாடிமேல் திருப்பினால் பக்கெட் தண்ணீர் செய்த அதே வேலைதான்.

ஓரம் வரை போன விரிசலோடு எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வரப் பெரியப்பா சம்மதிக்கவில்லை. தாத்தா, பாட்டி, அம்மாவை மயிலாடுதுறையில் ரயில் ஏற்றிவிட்டோம். முன் சீட்டைக் காலியாக விட்டு அப்பாவும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். மறுநாள் விடியற்காலைக் குளிர்ச்சியிலேயே கிளம்பி, மாட்டு வண்டி வேகத்தில் சென்னை வந்தோம். வழியில் ஒரு கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது சார், மேல ஸ்டிக்கர் ஒட்டிடுங்க" என்றார். ஓரம் வரை போன விரிசலுக்கு ஸ்டிக்கர் என்ன செய்யும்?

ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வரிசையாகக் கார் சாமான் கடைகள். அங்கே கண்ணாடி மாற்றியதைக் கூடவே நின்று பார்த்தேன். சும்மா பீடிங்கை நெம்பி எடுக்கிற வேலை இல்லை. கண்ணாடியை பாலியூரித்தேன் பசையால் பாடியோடு ஒட்டியிருக்கிறார்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நின்று மெல்லிய கம்பியை மாறி மாறி இழுத்து அந்தப் பசையை அறுத்தார்கள். புதுக் கண்ணாடியை சக்ஷன் கப்பால் தூக்கி வைத்து டேப் ஒட்டினார்கள். வேலை செய்த அண்ணன், "இன்னிக்கு வண்டிய எடுக்காதீங்க சார். ஜன்னல கொஞ்சம் எறக்கியே வைங்க. நாளைக்குத்தான் டேப்ப எடுக்கணும், ரெண்டு நாளு கழுவாதீங்க" என்றார். "ஏண்ணே இவ்ளோ?" என்று கேட்டேன். "தம்பி, இடது பக்க ஏர்பேக் வெடிச்சா இந்தக் கண்ணாடி மேலதான் சாஞ்சு நிக்கும். பச காயலன்னா கண்ணாடியே வெளிய போயிடும்" என்றார். நான் இதுவரை கண்ணாடி மழைக்கும் காற்றுக்கும்தான் என்று நினைத்திருந்தேன்! கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த புதுக் கார்களில், மாற்றியபின் கேமராவையும் சரிபார்த்து அமைக்க வேண்டுமாம்.

பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டாக் ஸ்டிக்கரும் போய்விடும். உரித்து ஒட்டினால் வேலை செய்யாது, புதுசு வாங்கணும்.

இன்சூரன்ஸ்: தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் சொந்தக் கண்ணாடிக்குக் காசு வராது. முழுக் காப்பீட்டில் வரும், கண்ணாடிக்குத் தேய்மானமும் கழிப்பதில்லை. ஆனால் மாற்றுவதற்கு முன்பே கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரு கிளெய்ம் வாங்கினால் 'நோ கிளெய்ம் போனஸ்' போய்விடும். முதல் வருடம் 20 சதவீதத்தில் ஆரம்பித்து ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை வளரும் தள்ளுபடி அது. பெரியப்பா 50-ல் இருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையிலிருந்தே பணம் கொடுத்தார். போனஸ் குறைவாக, கண்ணாடி விலை அதிகமாக இருப்பவர்கள் கிளெய்ம் வாங்குவதுதான் லாபம்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. உலோகத் தகட்டில் விரிசல் ஓடினால், அதன் நுனியில் சின்ன வட்ட ஓட்டை ஒன்று போட்டு நிறுத்துகிறார்கள். ஓட்டை போட்டால் இன்னும் பலவீனமாகத்தானே ஆகணும்? ஏன் விரிசல் நிற்கிறது? விடையைப் படத்தோடு எழுதி, பெயர், வகுப்பு, பிரிவு குறிப்பிட்டு நூலக வாசலில் உள்ள சுவரிதழ்ப் பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடுங்கள். சரியான விடை அடுத்த தாளில் வரும்.