முள்ளோடு ஓடும் ஓட்டம்



1 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலன் பந்தய வீரனின் இச்சையடக்கத்தை நமக்கு மாதிரியாக வைக்கிறார். 2 கொரிந்தியர் 12-இல் தம் மாம்சத்திலுள்ள முள்ளைக் குறித்தும் எழுதுகிறார். நீங்காத நோயுள்ளவர் ஓட்டத்தில் நிலைத்திருக்க முடியுமா? சர்க்கரை நோயுள்ள விளையாட்டு வீரர்களைக் கொண்டு இதைத் தியானிப்போம்.

முதலாம் வகை சர்க்கரை நோயில் சரீரம் இன்சுலினைச் சுரப்பதில்லை. உண்ட உணவு இரத்தத்தில் சர்க்கரையாக நிற்கும். தசைகளுக்குப் போய்ச் சேராது. ஆகவே சரீரம் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து உயிர்வாழப் பார்க்கும். நன்றாய்ச் சாப்பிட்டும் பிள்ளை மெலிவதற்கு இதுவே காரணம். 1921-இல் டொரான்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும்வரை, அரைப்பட்டினியைத் தவிர மருத்துவரிடம் வேறு வழியில்லை.

இங்கிலாந்தின் படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு 1997-இல் சர்க்கரை நோய் கண்டது. முதலில் இனிப்பைக் குறைத்தார். பயிற்சிக்குப் பெலன் போதவில்லை. பின்பு மருத்துவ ஆலோசனைப்படி பழைய உணவுக்கே திரும்பி, அதற்கேற்ப இன்சுலின் போட்டுக்கொண்டார். 2000-இல் சிட்னியில் ஐந்தாவது ஒலிம்பிக் தங்கம் வென்றார். அதே 1997-இல் நோய் கண்ட பாகிஸ்தான் பந்துவீச்சாளர் வாசிம் அக்ரம், 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் ஆட்டங்களில் 500 விக்கெட் எடுத்த முதல் வீரரானார்.

நாம் கற்கும் பாடங்கள்:

1. எடை மட்டும் அளவுகோல் அல்ல. ஒரே எடையுள்ள இருவரில் ஒருவருக்குத் தசையும் மற்றவருக்குக் கொழுப்பும் மிகுந்திருக்கலாம். மெலிய வேண்டுமென்று இன்சுலினை விட்டுவிடுவது தசையையும் கரைக்கும். இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

2. விளையாடுமுன் சோதிக்க வேண்டும். சர்க்கரை 90 மில்லிகிராமுக்குக் குறைந்தால் மாவுச்சத்துள்ள ஏதாவது உண்ண வேண்டும். 250-க்கு மேலிருந்து, சிறுநீரில் கீட்டோனும் இருந்தால் விளையாடக் கூடாது.

3. வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் தாமதிக்கக் கூடாது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடியும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

4. மாலையில் விளையாடிய பிள்ளைக்கு நள்ளிரவிலும் சர்க்கரை இறங்கலாம். பெற்றோர் விழிப்பாயிருப்பார்களாக.

சபையாருக்கும் இதில் பங்குண்டு. ஞாயிறு பள்ளி விளையாட்டில் இப்பிள்ளைகளை ஓரமாக உட்கார வைக்காதிருங்கள்; ஆசிரியர் கையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருக்க வேண்டாம்.

இன்சுலின் சில நாட்கள் நின்றாலே இப்பிள்ளைகளின் ஜீவன் ஆபத்துக்குள்ளாகும். ஏழைப் பெற்றோருக்கு அது ஆயுள் முழுதும் சுமக்கும் செலவு. உங்கள் காணிக்கையும் ஜெபமும் அந்தச் சுமையைத் தாங்கட்டும். முள் நீங்காதபோதும் கிருபை போதுமானது என்று பவுல் கற்றுக்கொண்டார். அந்தக் கிருபை இப்பிள்ளைகளை ஓட்டத்தில் நிலைநிறுத்துவதாக. ஆமென்.