மனம் சோர்ந்தால் யாரிடம் போவது?

ஞாயிறு சாயங்காலமே திங்கட்கிழமையை நினைத்து வயிறு கலங்குகிறதா? படுத்தும் தூக்கம் வரவில்லையா? சின்ன மெயிலுக்குப் பதில் போடவே அரைமணி நேரம் ஆகிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், 'வேலைப் பளுதான்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான கோளாறு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை. அதன்பின் சட்டமும் திட்டங்களும் பெருகியிருக்கின்றன. அவை உங்களுக்காகத்தான், தயங்காமல் பயன்படுத்துங்கள்.

முதலில் ஒரு போன்

ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: 14416. 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, தூக்கமும் பசியும் எப்படி, எந்த வேலை ஓடவில்லை என்று மூன்று வரி எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள், தடுமாற்றம் இருக்காது. உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். உடனே அழையுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

நேரில் பார்க்க

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மற்ற நோய்க்குப் போவது போலவே ஓ.பி. சீட்டு வாங்கிப் பார்க்கலாம்.

அலுவலகத்தில் என்ன இருக்கிறது?

பல நிறுவனங்கள் வெளி ஆலோசகர்களை அமர்த்தி, சில அமர்வுகளுக்கான கட்டணத்தைத் தாமே ஏற்கின்றன. எத்தனை அமர்வு, பேசியது நிர்வாகத்துக்குப் போகுமா என்பதை முதல் அமர்விலேயே கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ்

உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆனால் பல பாலிசிகள் மருத்துவமனையில் தங்கும் செலவை மட்டுமே தரும். ஓ.பி. செலவும் ஆலோசனைக் கட்டணமும் சேருமா என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மேலாளரிடம் எப்படிச் சொல்வது?

நோயின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டியதில்லை. "சார், சிகிச்சையில் இருக்கிறேன். ஒரு மாதத்துக்கு இரவு ஷிப்ட் வேண்டாம். வியாழன் மதியம் டாக்டரைப் பார்க்க நேரம் வேண்டும்." தேவையையும் கால அளவையும் சொன்னால் போதும். பேசியதை அன்றே மெயிலில் பதிவு செய்யுங்கள்.

மேலாளர்களுக்கு

மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்களை இழக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நலத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, நள்ளிரவில் வேலை அனுப்பினால் அந்தப் பணம் வீண். நேரத்தோடு வீட்டுக்கு அனுப்புங்கள். லீவு கேட்டவரைக் குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். நீங்கள் அப்படி நடந்தால்தான் உங்கள் குழுவில் அடுத்தவர் துணிந்து உதவி கேட்பார்.