மூன்றாம் சாளரம்

செவி ஒலியைக் கேட்பதற்கு மட்டும் அமைந்த உறுப்பன்று. உடல் தள்ளாடாமல் நிற்கவும் நடக்கவும் துணைபுரிவதும் அதுவே. உட்செவியில் நத்தையின் ஓடு போன்ற பகுதி ஒலியை உணர்கிறது. அதனை அடுத்துள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் அசைவை உணர்கின்றன. இவை அனைத்தும் நீர்மத்தால் நிரம்பி, கடினமான எலும்புக்குள் பொதிந்துள்ளன.

உட்செவிக்கு இரண்டு சாளரங்கள் உண்டு. ஒலி எழும்போது அங்கவடி எலும்பு ஒரு சாளரத்தை அழுத்தும். உள்ளே நீர்மம் அசைந்து மற்றொரு சாளரத்தை வெளியே தள்ளும். இவ்வாறே நாம் கேட்கிறோம். மேல் அரைவட்டக் குழலை மூடிய எலும்பில் துளை விழுந்தால், அது மூன்றாம் சாளரம் ஆகிவிடும். ஒலியின் அழுத்தம் அக்குழலுக்குள்ளும் பாயும். தலை அசையாதிருந்தும் அசைந்ததாக மூளை கருதும்.

இக்குறை உடையோர் உரத்த ஒலி கேட்டால் தலைசுற்றித் தடுமாறுவர். தம் இதயத் துடிப்பும் காலடி ஓசையும் அவர்களுக்குப் பேரொலியாய்க் கேட்கும். தம் கண்கள் உருளும் ஓசையைக்கூடச் சிலர் கேட்பதுண்டு. இதனைச் சொன்னபோது கேட்டவர் நம்பவில்லை. மனநோய் என்று ஒதுக்கப்பட்டவர்களும் உண்டு.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் மருத்துவர் லாயிட் மைனர், அவர்கள் கூற்றை நம்பிக் கேட்டார். ஒலி எழும்போது அவர்களின் கண்கள் எத்திசையில் அசைகின்றன என்று உற்று நோக்கினார். அத்திசை, மேல் அரைவட்டக் குழல் அமைந்துள்ள தளத்தோடு பொருந்தியது. எனவே குறை அங்கேதான் இருக்க வேண்டும் என்று உய்த்துணர்ந்தார். நுண்ணிய சி.டி. ஸ்கேன் படங்களில் துளை புலப்பட்டது. 1998ஆம் ஆண்டு அவரும் உடன் பணியாற்றியோரும் இந்நோயை உலகிற்கு அறிவித்தனர்.

துன்பம் மிகுந்தோர்க்கு அறுவை மருத்துவம் உண்டு. காதின் மேற்புறத்தில் மண்டை ஓட்டைத் திறந்தோ, காதின் பின்புற எலும்பின் வழியாகவோ குழலை அடைவர். நோயாளியின் தசையை மூடிய மெல்லிய உறையாலும் எலும்புத் தூளாலும் அதனை அடைப்பர். பின்னர்ச் சில நாள் தலைசுற்றல் இருக்கும். எஞ்சிய குழல்களைக் கொண்டு மூளை சமநிலையை மீண்டும் பழகிக்கொள்ளும். கேட்கும் திறன் குறையும் இடர் உண்டாதலால், துன்பம் குறைந்தோர் அறுவையின்றி, உரத்த ஒலியைத் தவிர்த்து வாழ்வதும் உண்டு.

துளையைக் காட்டியது கருவி. கருவியை எங்கே திருப்புவது என்று காட்டியது நோயாளியின் சொல். பிறர் துன்பத்தைச் செவிகொடுத்துக் கேட்பதே மருத்துவத்தின் முதற்படி.

சொற்பொருள்

சாளரம் – பலகணி, ஜன்னல்
நீர்மம் – திரவம்
அங்கவடி – குதிரை ஏறுவோர் கால் வைக்கும் வளையம்
உய்த்துணர்தல் – சான்றுகளைக் கொண்டு அறிதல்
இடர் – தீங்கு, துன்பம்

வினாக்கள்

1. உட்செவி செய்யும் இரு பணிகள் யாவை?
2. எலும்பில் விழும் துளை ‘மூன்றாம் சாளரம்’ எனப்படுவது ஏன்?
3. குறை உள்ள இடத்தை மைனர் எவ்வாறு உய்த்துணர்ந்தார்?
4. ‘செவிகொடுத்தல்’ – இத்தொடரை அமைத்துச் சொந்த வாக்கியம் எழுதுக.
5. பிரித்து எழுதுக: முதற்படி, பேரொலி.
6. சொல்வதைப் பிறர் நம்பாதபோது ஒருவர் படும் துன்பத்தைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.