மழைக்காலமும் சரக்குக்காலமும்
பேச்சிப்பாறை அணைப் பகுதி வணிகர்களின் கவனத்துக்கு



கடையில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று நாம் எல்லாரும் ஓரளவு யோசித்து வைத்திருக்கிறோம். தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்று கேட்டால், "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பதே நம்மில் பலருடைய பதில். நம் மாவட்டத்துக்கு அந்தப் பதில் போதாது. அது ஏன் என்பதையும், நம்மால் செய்யக்கூடியவை எவை என்பதையும் இங்கே பார்ப்போம்.

அணையும் ஆறும்

கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1897-ல் தொடங்கப்பெற்று 1906-ல் முடிந்தது. திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் காலத்தில், மிஞ்சின் என்ற பொறியாளரின் பொறுப்பில் எழுந்த அணை இது. அவருடைய கல்லறையும் அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பேச்சிப்பாறையின் நீர்மட்டக் கணக்கு 48 அடி. பறளியாற்றின் பெருஞ்சாணி அணைக்கு 77 அடி. சிற்றாறு அணைகள் இரண்டுக்கும் 18 அடி.

இந்த எண்கள் தினமும் பத்திரிகையில் வருகின்றன. கன்னிப்பூ, கும்பப்பூ சாகுபடி செய்யும் விவசாயி தவறாமல் பார்க்கிறார். மிளகு விலையையும் ரப்பர் ஷீட் விலையையும் பார்க்கும் நாம் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம். மழைக்காலத்தில் 48 அடியும் நிறையட்டும் என்று அதிகாரிகள் காத்திருப்பதில்லை. அணையின் பாதுகாப்புக்காக முன்னதாகவே உபரி நீரைத் திறக்கிறார்கள். அந்த நீர் திற்பரப்பு வழியாக இறங்கி, திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் பறளியாற்று நீரோடு கலந்து, குழித்துறை தாமிரபரணியாகி, தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேர்கிறது. "திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை" என்ற செய்தியைச் சுற்றுலாப் பயணிகளுக்கான செய்தி என்று நினைத்துவிடுகிறோம். ஆற்றங்கரைக் கடைக்காரருக்கு அதுதான் முதல் மணி.

அணைக்கு மேலே இருப்போருக்கும் கீழே இருப்போருக்கும் ஆபத்து ஒரே மாதிரி அல்ல. பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் மரம் சாய்வதும், மண் சரிவதும், மின்சாரம் நிற்பதும், சாலை அடைபடுவதுமே முதல் தொல்லை. திருவட்டாறு, குழித்துறை பக்கம் தண்ணீர் ஏறுவது தொல்லை. குளச்சல், மணக்குடி போன்ற ஊர்களில் கடல் தொல்லை. ஆகவே, அடுத்த ஊர்க்காரர் செய்த ஏற்பாட்டை அப்படியே நாம் செய்தால் போதாது.

தேதிகளைக் கவனியுங்கள்

1992 நவம்பரில் தென்மாவட்டங்களில் பெருவெள்ளம். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி. மணக்குடிப் பாலத்தையே அலை கொண்டுபோயிற்று. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல். கடலுக்குப் போன மீனவர்களைப் பலிகொண்டதோடு, ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்தன. 2021 நவம்பரில் மாவட்டம் முழுவதும் வெள்ளம்; நாகர்கோவில் - திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்தது. 2023 டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை.

சுனாமிக்கு மழையோடு தொடர்பில்லை. மற்ற நான்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்தவை. ஐந்துமே நவம்பர், டிசம்பர் மாதங்களில் அடங்கிவிடுகின்றன. இந்த இரண்டு மாதங்கள் நமக்கு எப்படிப்பட்டவை? தீபாவளி, கிறிஸ்துமஸ், அடுத்துப் பொங்கல். ஆண்டிலேயே கிட்டங்கி நிறைந்திருப்பதும், கடனுக்குச் சரக்கு எடுத்திருப்பதும், சில்லறைக் கடைகளுக்கு நாம் கடன் விட்டிருப்பதும் அப்போதுதான். அதாவது, நம் பணம் முழுவதும் சாக்கிலும் அட்டைப் பெட்டியிலும் இருக்கும்போதுதான் தண்ணீர் வருகிறது.

பக்கத்துக் கேரளத்திலும் இதே கதைதான். 2018 ஆகஸ்ட் வெள்ளம் அங்கே ஓணத்துக்குச் சில நாட்களுக்கு முன் வந்தது. ஓணத்துக்கு இருப்பு வைத்திருந்த வியாபாரிகளின் முதல் அப்படியே போயிற்று. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு என்பதால் ஜூன், ஜூலையிலும் அலட்சியம் கூடாது.

எனவே வெள்ள முன்னேற்பாடு என்பது தனி வேலை அல்ல. சீசன் கொள்முதலோடு சேர்ந்த ஒரு வேலை. புரட்டாசியில் சரக்குக்கு ஆர்டர் போடும் அதே வாரத்தில் பின்வரும் நான்கையும் முடித்துவிட வேண்டும்.

1. இடம்

பழைய வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெருவில் வயதானவர்களிடம் கேட்டு, கிட்டங்கிச் சுவரில் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே நனைந்தால் கெடும் சரக்கு எதுவும் இருக்கக்கூடாது. சீனி, உப்பு, மாவு, சிமெண்ட், உரம் ஆகியவற்றை ஒருமுறை தண்ணீர் தொட்டால் மீட்க முடியாது. பருப்பு, பயறு மூடைகள் நனைந்தால் ஊதி, அட்டி சாய்ந்து, மேலே காய்ந்திருக்கும் மூடைகளையும் தண்ணீரில் தள்ளிவிடும். எண்ணெய் டின், பிளாஸ்டிக், பாத்திரம் போன்றவற்றைக் கீழ் வரிசையில் வைக்கலாம்.

மூடைகளை வெறும் தரையில் அடுக்காமல் பலகைச் சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட் கேன்களையும், பூச்சிமருந்தையும் மளிகைச் சரக்கோடு ஒரே அறையில் வைக்காதீர்கள். வெள்ள நீர் பட்ட உணவுப் பொருளை உலர்த்தி விற்பது சட்டப்படியும் குற்றம், மனசாட்சிப்படியும் குற்றம்.

2. கணக்கு

சரக்கு போனால் ஒரு வருட லாபம் போகும். பற்று வரவு போனால் கடையே போகும். யார் எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு நம் பேரேடு ஒன்றே சாட்சியாக இருந்தால் அது ஆபத்து. கணினியிலுள்ள கணக்குக்கு ஒரு நகலை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள்; அல்லது இணையத்தில் சேமியுங்கள். கைக்கணக்கு எழுதுவோர் வாரம் ஒருமுறை நிலுவைப் பக்கங்களைச் செல்போனில் படமெடுத்து, பிள்ளைகளுக்கு அனுப்பிவைத்தால்கூடப் போதும். மாதம் ஒருமுறை இருப்புப் பட்டியலும் கிட்டங்கியின் படமும் எடுத்து வையுங்கள்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 2017-ன் பிரிவு 17(5)-ன்படி, அழிந்துபோன சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஏற்கெனவே எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். அழிந்த சரக்கின் கணக்கைத் தனியாகக் காட்டவும் வேண்டும். சரக்கும் போய், வரியும் கைவிட்டுப் போகும் நிலை இது. காப்பீட்டுத் தொகையை நிர்ணயிக்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

3. காப்பீடு

பாலிசி இருக்கிறது என்பதோடு நில்லாமல், அதை எடுத்துப் படியுங்கள். மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட கடை, கிட்டங்கிகளுக்கு 2021 ஏப்ரல் முதல் "பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா" என்ற பாலிசி இருக்கிறது. தீ, புயல், வெள்ளம், சுனாமி, நிலச்சரிவு ஆகியவை அதில் அடங்கும்.

குறைவான தொகைக்கு எடுத்தால் என்னவாகும்? கிட்டங்கியில் 20 லட்சம் ரூபாய் சரக்கு. காப்பீடு 10 லட்சத்துக்கு மட்டும். வெள்ளத்தில் சேதம் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சத்துக்கு எடுத்திருக்கிறோமே, 4 லட்சம் முழுதாகக் கிடைக்கும் என்று நாம் நினைப்போம். பாதி மதிப்புக்கே காப்பீடு என்பதால் 2 லட்சமே கிடைக்கும். மேலே சொன்ன பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவிருந்தால் பொறுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் விகிதக் கணக்குதான். ஆடி மாத இருப்பை வைத்துத் தொகை எழுதிவிட்டு, தீபாவளி இருப்போடு வெள்ளத்தைச் சந்தித்தால் இந்த நிலைதான் ஏற்படும்.

வங்கிக் கடனில் உள்ள சரக்குக்கு வங்கியே காப்பீடு எடுத்திருந்தால், கிட்டங்கியின் முகவரி சரியாக இருக்கிறதா, புதிதாக வாடகைக்கு எடுத்த கிட்டங்கி அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேதம் நேர்ந்தால் உடனே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, படம் எடுத்து, மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை நனைந்த சரக்கை அப்புறப்படுத்தாமல் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

4. திறந்திருக்கும் கடை

நீர்த்தேக்கத்துக்கு அப்பால் உள்ள சில காணிக் குடியிருப்புகளிலிருந்து மக்கள் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் படகில் இக்கரைக்கு வர வேண்டியிருக்கிறது. காற்றும் மழையும் கூடினால் படகு நின்றுவிடும். பேச்சிப்பாறை, குலசேகரம் வியாபாரிகள் மழை எச்சரிக்கை வந்தவுடன் அவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வாரச் சாமானைக் கடனிலாவது கொடுத்தனுப்புவது நல்லது. அரிசி, பருப்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி, பால் பவுடர் ஆகியவற்றை உயரமான இடத்தில் தனி இருப்பாக வைக்கலாம். மின்சாரம் நின்றால் மின்னணுத் தராசும் செல்போன் வழிப் பணமும் நின்றுவிடும். முத்திரையிட்ட படிக்கல் தராசு ஒன்றும், சில்லறைப் பணமும் கைவசம் இருக்கட்டும். அந்த நாட்களில் விலையைக் கூட்டாத கடையை ஊர் மறப்பதில்லை.

எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

வானிலைத் துறையின் கணக்கில் ஒரு நாளில் சுமார் 6.5 முதல் 11.5 செ.மீ. வரை பெய்வது கனமழை, 20 செ.மீ. வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. அதி கனமழை எச்சரிக்கையும், அணையின் நீர்மட்ட உயர்வும் ஒரே நாளில் வந்தால் கூலியாட்களை அன்றே கூப்பிட்டுவிடுங்கள். ஒக்கி, தாழ்வு மண்டலமாக உருவான மறுநாளே புயலாகிவிட்டது. நிறைந்த கிட்டங்கி ஒன்றை ஒழிக்க ஒரு முழு நாள் வேண்டும். அந்த ஒரு நாளைப் புயலோ ஆறோ நமக்குத் தரும் என்பது நிச்சயமில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. மாநில அறைக்கு 1070. இரண்டையும் கல்லாப் பெட்டிக்கு மேலே எழுதி ஒட்டுங்கள்.

ஊர்தோறும் உள்ள நம் சங்கங்கள் புரட்டாசிக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளட்டும். மேட்டுப் பகுதியில் கிட்டங்கி வைத்திருப்போர் யார், பள்ளத்தில் இருப்போர் யார், யார் சரக்கை யார் இடத்தில் இறக்கி வைப்பது, எந்த லாரி யாருக்கு என்று பட்டியல் போட்டு வைப்போம். விற்பனையில் போட்டி இருக்கட்டும். வெள்ளத்தில் ஒருவர் சரக்கை ஒருவர் தூக்கி வைப்போம்.