எந்த இரும்புக்கு எந்த வாள்?



இது இரும்பு அறுக்கும் கருவிகளைப் பற்றிய பாடம். எனக்குப் பட்டறை வேலை தெரியாது. நம் மையத்துக்கு வரும் அண்ணன் ஒருவரும், பட்டறை வேலையில் தலை நரைத்த மேஸ்திரி மாமா ஒருவரும் சொல்லித் தந்ததை எழுதியிருக்கிறேன். மெதுவாகப் படியுங்கள். எண்களை வாய்விட்டுப் படியுங்கள்.

கடையில் ஒரு கேள்வி

அபர்டீன் பஜார். மாலை நேரம். மணிக்கூண்டைச் சுற்றி ஒரே கூட்டம். அண்ணன் ஒரு இரும்புச் சாமான் கடைக்குப் போனார். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. கேட், ஜன்னல் கிரில், கோழிக்கூண்டு எல்லாம் அங்கேதான் செய்வார்.

"ஒரு ஆக்ஸா பிளேடு கொடுங்க" என்றார்.

"எத்தனை பல்லு?" என்று கேட்டார் கடைக்காரர்.

அண்ணனுக்கு விளங்கவில்லை. "ஏதோ ஒண்ணு கொடுங்க" என்றார்.

வாங்கிய பிளேடை வீட்டுக்குக் கொண்டுபோய் மெல்லிய பைப்பை அறுத்தார். நாலே இழுப்பில் பற்கள் உடைந்தன. "மட்டமான பிளேடு" என்று திட்டினார். பிளேடு மட்டமில்லை. அந்தப் பைப்புக்கு ஏற்ற பிளேடு அது இல்லை.

நம் ஊருக்கு இரும்பும் பிளேடும் கப்பலில் வரவேண்டும். சென்னையிலிருந்து கடலில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். ஏற்று கூலி, இறக்கு கூலி எல்லாம் விலையில் சேரும். ஆகவே இங்கே ஒரு பிளேடு வீணானால் நட்டம் அதிகம்.

தீவும் இரும்பும்

இந்தத் தீவுகளில் இரும்புக்கு என்றுமே மதிப்பு உண்டு. அந்தமான் பழங்குடி மக்களிடம் இரும்பை உருக்கும் தொழில் இல்லை. கரையில் மோதி உடைந்த கப்பல்களிலிருந்து இரும்பை எடுத்தார்கள். அதைத் தட்டினார்கள். கல்லில் தேய்த்தார்கள். அம்பு முனை செய்தார்கள். 1981-இல் பிரிம்ரோஸ் என்ற சரக்குக் கப்பல் வடக்கு சென்டினல் தீவின் அருகே தரை தட்டியது. அந்தத் தீவு மக்கள் அதிலிருந்தும் இரும்பு எடுத்தார்கள்.

அவர்களுக்குக் கல்தான் அரம். நமக்குக் கடையில் பல கருவிகள் கிடைக்கின்றன. அதில் எது நமக்கு வேண்டும்?

முதல் கருவி: ஆக்ஸா வாள்

வீட்டுப் பட்டறைக்கு முதலில் வாங்க வேண்டியது இதுதான். விலை குறைவு. மின்சாரம் வேண்டாம். தீப்பொறி வராது. மின்சாரம் நின்றாலும் வேலை நிற்காது.

பிளேடின் மேல் ஒரு எண் இருக்கும். 14, 18, 24, 32 என்று நான்கு வகை. ஒரு அங்குல நீளத்தில் எத்தனை பல் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. கடைக்காரர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? மேஸ்திரி மாமா ஒரு விதி சொன்னார்.

"இரும்போட கனத்துக்குள்ளே எப்பவும் மூணு பல்லாவது உட்காரணும், தம்பி. ஒரு பல்லு மட்டும் உட்கார்ந்தா, அது விளிம்புல மாட்டி ஒடிஞ்சு போகும்."

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு அங்குலம் சுமார் 25 மில்லிமீட்டர். 24 பல் பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மூன்று பல் உட்கார 3 மில்லிமீட்டர் கனம் வேண்டும்.

கனமான கம்பி, கட்டை இரும்புக்கு 18 பல்.
3 முதல் 5 மில்லிமீட்டர் கனமுள்ள எல்-ஆங்கிள், பட்டைக்கு 24 பல்.
மெல்லிய பைப்பு, மெல்லிய தகட்டுக்கு 32 பல்.
14 பல் மிகவும் தடித்த, மெதுவான உலோகத்துக்கு. வீட்டில் அது அதிகம் தேவைப்படாது.

அண்ணன் வாங்கியது 18 பல் பிளேடு. அவருடைய பைப்பின் கனமோ ஒன்றரை மில்லிமீட்டர். அதில் ஒரு பல்தான் உட்கார்ந்தது. பல் ஒடிந்தது ஏன் என்று இப்போது புரிகிறதா?

அவ்வளவு மெல்லிய பைப்பில் 32 பல் பிளேடுக்கும் இரண்டு பல்தான் உட்காரும். ஆகவே அழுத்தக் கூடாது. பைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி அறுக்க வேண்டும். தகடு என்றால் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துப் பலகையோடு சேர்த்து அறுக்க வேண்டும்.

வாளைப் பிடிக்கும் முறை

1. பிளேடில் அம்புக்குறி இருக்கும். அது கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். தள்ளும்போதுதான் வாள் அறுக்கும்.
2. தள்ளும்போது அழுத்துங்கள். இழுக்கும்போது அழுத்தாதீர்கள்.
3. பிளேடை இறுக்கமாக முடுக்குங்கள். தளர்ந்த பிளேடு வளைந்து ஒடியும்.
4. ஒரு நிமிடத்துக்கு 40 முதல் 50 தடவை போதும். அவசரப்பட்டால் பல் சூடேறி மழுங்கும்.
5. இரும்பை வைஸில் இறுக்குங்கள். காலால் மிதித்துக்கொண்டு அறுக்காதீர்கள்.
6. வேலை முடிந்ததும் பிளேடில் எண்ணெய் தடவுங்கள். நம் ஊர்க் கடல் காற்றில் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

வாளுக்கு மசியாத இரும்பு

எல்லா இரும்பும் ஒன்று அல்ல. லாரியின் பட்டை வில்லில் வெட்டுக்கத்தி செய்வார்கள். அது கடினப்படுத்திய எஃகு. ஆக்ஸா வாள் அதில் வழுக்கும். முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பழைய அரத்தை எடுத்து ஒரு ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். அரம் பிடித்தால் வாளும் அறுக்கும். அரம் வழுக்கினால் வாளும் வழுக்கும். பிளேடை வீணாக்காதீர்கள்.

மற்றக் கருவிகள்

தகரக் கத்தரி: கூரைத் தகரம், மெல்லிய தகடு வெட்ட. வெட்டிய ஓரம் சவரக் கத்தி போல இருக்கும். கையுறை வேண்டும்.

வெட்டிரும்பும் சுத்தியலும்: துருப்பிடித்த போல்ட்டு, ஆணித் தலை வெட்ட. வெட்டிரும்பின் தலை அடிபட்டுக் காளான் போல விரிந்திருந்தால் முதலில் அதைத் தேய்த்துச் சீராக்குங்கள். அந்த விளிம்பு தெறித்துக் கண்ணில் படும்.

கேஸ் கட்டிங்: கனமான தகட்டை வெட்ட இதுவே வழி. தீயால் இரும்பைச் சிவக்கச் சூடாக்கி, ஆக்சிஜனைப் பீய்ச்சினால் இரும்பே எரிந்து வழிவிடும். எவர்சில்வரை இப்படி வெட்ட முடியாது. இது வீட்டு வேலை அல்ல. தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோய்க் கூலி கொடுத்து வெட்டுங்கள். நாகம் பூசிய பைப்பைத் தீயால் வெட்டும்போது வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கிரைண்டர்

ஒன்றிரண்டு வெட்டுக்கு ஆக்ஸா வாள் போதும். ஒரு கேட்டுக்கு நாற்பது துண்டு வெட்ட வேண்டுமென்றால் கை ஓய்ந்துவிடும். அப்போது கையில் பிடிக்கும் 4 அங்குல கிரைண்டர் உதவும். கடினமான எஃகையும் அது வெட்டும்.

அண்ணனும் ஒன்று வாங்கினார். ஒரு நாள் அவர் வகுப்புக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் கன்னத்தில் கட்டோடு வந்தார். கண்ணுக்குக் கீழே நாலு தையல்.

நடந்தது இதுதான். அவரிடம் 4 அங்குல கட்டிங் வீல் தீர்ந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் 7 அங்குல வீல் ஒன்றைக் கொடுத்தார். அது கிரைண்டரில் நுழையவில்லை. அண்ணன் காப்புத் தகட்டைக் கழற்றினார். ஓட்டைக்கு ஒரு வளையம் போட்டு மாட்டினார். வெட்டும்போது கை லேசாகச் சாய்ந்தது. வீல் உடைந்து சிதறியது.

"ஒரு விரல் மேலே பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்னு டாக்டர் சொன்னார், தங்கச்சி" என்றார்.

பிறகு பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து வைத்தார். ஒன்று உடைந்த வீலின் நடுத்துண்டு. இன்னொன்று 4 அங்குலப் புது வீல். "இதுல என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்கு எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடு" என்றார். அன்று அதுதான் எங்கள் பாடம். கரும்பலகையில் எண்களை எழுதினோம். எல்லோரும் சேர்ந்து படித்தோம்.

கிரைண்டரின் மேல்: 11,000. பதினோராயிரம்.
புது வீலின் மேல்: 15,200. பதினைந்தாயிரத்து இருநூறு.
உடைந்த வீலின் மேல்: 8,500. எட்டாயிரத்து ஐந்நூறு.

ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதையே இந்த எண்கள் சொல்கின்றன. கிரைண்டர் எவ்வளவு சுற்றும் என்று கிரைண்டரில் எழுதியிருக்கும். எவ்வளவு தாங்கும் என்று வீலில் எழுதியிருக்கும். வீலின் எண் கிரைண்டரின் எண்ணைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். 15,200 பெரியது. சரி. 8,500 சிறியது. ஆபத்து.

பதினோராயிரம் சுற்று என்றால் எவ்வளவு வேகம்? 4 அங்குல வீலின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 7 அங்குல வீலை மாட்டினால் அதைவிட வேகம். உடைந்த துண்டும் அதே வேகத்தில்தான் பறக்கும்.

நடுவளையத்தில் மாதமும் வருடமும் அச்சிட்டிருந்தன. அதையும் படித்தோம். அந்தத் தேதி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கட்டிங் வீலுக்கும் மருந்து மாத்திரை போலக் கெடு உண்டு. வீலின் துகள்களை ஒட்டிவைத்திருக்கும் பசை நாளானால் பலம் இழக்கும். ஈரம் பட்டாலும் பலம் இழக்கும். நம் ஊரில் மழை அதிகம், ஈரக்காற்று அதிகம். ஆகவே வீல்களை மூடிபோட்ட டப்பாவில், உலர்ந்த இடத்தில், படுக்கை வசமாக வையுங்கள்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மூணு தப்பு. எண்ணு தப்பு, தேதி தப்பு, காப்பைக் கழட்டினது தப்பு. மூணாவது தப்பு எனக்கு அப்பவே தெரியும். முதல் ரெண்டும் படிக்கத் தெரியாததால வந்தது" என்றார்.

கிரைண்டரைத் தொடும் முன்

1. காப்புத் தகட்டை எந்தக் காரணத்துக்கும் கழற்றாதீர்கள். அது வீலுக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கட்டும்.
2. பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். வெயில் கண்ணாடி போதாது.
3. மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டாதீர்கள். அது மாட்டிக்கொண்டு கையை நோக்கித் துள்ளும்.
4. மெல்லிய கட்டிங் வீலால் வெட்ட மட்டுமே செய்யுங்கள். அதன் பக்கத்தால் தேய்க்காதீர்கள். தேய்க்கக் கனமான வீல் தனியாக உண்டு.
5. கீழே விழுந்த வீலை எறிந்துவிடுங்கள். விரிசல் கண்ணுக்குத் தெரியாது.
6. புது வீலை மாட்டியதும் ஒரு நிமிடம் சும்மா ஓட்டுங்கள். அதற்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.
7. வீலை மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.
8. தொங்கும் முந்தானை, துண்டு, அவிழ்ந்த முடி கூடாது. நைலான் சேலையில் தீப்பொறி பட்டால் உருகி ஒட்டும்.
9. பெட்ரோல், கேஸ் சிலிண்டர், மீன் வலை பக்கத்தில் கூடாது. ஒரு வாளி மணல் வைத்திருங்கள்.
10. மழையில், ஈரத் தரையில் ஓட்டாதீர்கள்.

கண்ணில் இரும்புத் தூள் விழுந்தால் தேய்க்காதீர்கள். வீட்டில் ஊசியாலோ துணி நுனியாலோ எடுக்கப் பார்க்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணில் தங்கிய இரும்பும் துருப்பிடிக்கும்.

டிரம் பற்றி ஒரு எச்சரிக்கை

போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. பெயர் எதுவானாலும் கோடையில் தண்ணீர்க் கஷ்டம் தீரவில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. மழைநீரைப் பிடித்து வைக்க டிரம் வேண்டும். வகுப்பில் ஒரு அக்கா கேட்டார்.

"பழைய டீசல் டிரம் ஒண்ணு சும்மா கிடக்கு. மேல்மூடியை வெட்டி எடுத்துடலாமா, மாமா?"

மேஸ்திரி மாமா வேகமாகத் தலையாட்டினார்.

"வேண்டவே வேண்டாம்மா. டிரம் காலியா இருக்குன்னு நீ நினைக்கிறே. உள்ளே டீசல் ஆவி இருக்கும். கிரைண்டர் பொறி ஒண்ணு பட்டா போதும். டிரம் வெடிச்சிரும். நிறைஞ்ச டிரம்மைவிடக் காலி டிரம்தான் பயங்கரம்."

தண்ணீர் விட்டுக் கழுவினாலும் மடிப்புகளில் எண்ணெய் தங்கும். அந்த டிரம்மில் பிடித்த தண்ணீர் குடிக்கவும் உதவாது. பெயிண்ட், ரசாயனம் இருந்த டிரம்முக்கும் இதே பேச்சுதான். தண்ணீருக்கு என்று விற்கும், வாய் திறந்த பாத்திரத்தையே வாங்குங்கள்.

இப்போது அண்ணன்

அண்ணன் கன்னத்தில் தழும்பு இருக்கிறது. கொட்டகையும் இருக்கிறது. சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. அவரே எழுதியது. எழுத்து கோணல்தான். ஆனாலும் தெளிவாக இருக்கிறது.

"எண் பார். தேதி பார். காப்பு பார்."

போன வாரம் மறுபடியும் அபர்டீன் பஜாருக்குப் போனார். கடைக்காரர் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"24 பல்லுல ரெண்டு, 32 பல்லுல ஒண்ணு கொடுங்க."

கொடுத்த பிளேடுகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எண்களைப் படித்தார். ஒன்று 18 என்று இருந்தது. திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்கினார்.

நினைவில் வைப்போம்

இரும்பின் கனத்துக்குள் மூன்று பல்.
வீலின் எண் கிரைண்டரின் எண்ணைவிடப் பெரியது.
எண்ணெய் இருந்த டிரம்மை வெட்டக் கூடாது.

பயிற்சி

1. இந்த எண்களைப் படியுங்கள்: 18, 24, 32, 8,500, 11,000, 12,200, 15,200.
2. கிரைண்டரில் 11,000 என்று உள்ளது. வீலில் 12,200 என்று உள்ளது. வீல் அந்த வேகத்தைத் தாங்குமா?
3. 5 மில்லிமீட்டர் கன எல்-ஆங்கிளை அறுக்க எந்தப் பிளேடு வாங்குவீர்கள்? ஏன்?
4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு கருவியை எடுங்கள். அதில் எழுதியுள்ள எண்களை நோட்டில் எழுதி வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.
5. கலந்து பேசுங்கள்: உங்கள் பகுதியில் காப்புத் தகடு இல்லாமல் கிரைண்டர் ஓட்டுபவர்கள் உண்டா? அவர்களிடம் என்ன சொல்வீர்கள்?