ஊரணி நீரும் இருவிழி நுண்பெருக்கியும்

செட்டிநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழை நீரைத் தேக்கி வைத்தே அந்நாட்டு மக்கள் நெடுங்காலம் வாழ்ந்து வந்தனர். திருப்பத்தூரை அடுத்த கீழச்சிவல்பட்டி முதலிய ஊர்களில் ஊரணி பெற்ற சிறப்பு இதனால் வந்ததே. ஊரார் உண்ணும் நீரை உடையது ஊருணி. அதுவே பேச்சு வழக்கில் ஊரணி ஆயிற்று.

அத்தகைய நீரைக் கண்ணாடிக் குவளையில் முகந்து ஒளிக்கு எதிரே பிடித்தால், வெண்ணிறப் புள்ளிகள் சில தென்படும். தூசு என்றே பலரும் எண்ணுவர். ஆயின், தூசு தானே துள்ளுமோ? அவை உயிர்கள். அவற்றை உள்ளவாறு காணத் துணை புரிவது இருவிழி நுண்பெருக்கி. இதனை ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் என்பர்.

நாம் இரு கண்களாலும் ஒரு பொருளைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களில் காண்கிறோம். மூளை அவ்விரு காட்சிகளையும் இணைப்பதால் பொருளின் மேடு பள்ளம் புலனாகிறது. சாதாரண நுண்பெருக்கியில் ஒரே கோணத்துக் காட்சிதான் உண்டு. அதில் உருவம் தட்டையாகவும் தலைகீழாகவும் தோன்றும். 1890-களில் ஹொரேஷியோ கிரீனோ என்னும் அமெரிக்க உயிரியலறிஞர் இக்குறையை நீக்க விரும்பினார். அவரது வேண்டுகோளை ஏற்று, ஜெர்மனியின் யேனா நகரிலிருந்த கார்ல் சைஸ் தொழிற்சாலையார், ஒன்றற்கொன்று சாய்வாக அமைந்த இரு குழல்களைக் கொண்ட கருவியைச் செய்தனர். அதிலுள்ள முப்பட்டகங்கள் உருவத்தை நேராக நிறுத்தின. வலப்புறம் ஊசியை நகர்த்தினால் அது வலப்புறமே நகரக் காணலாம். ஆகவே, பார்த்துக்கொண்டே சிற்றுயிரை அறுத்து ஆராயவும் இயலும். இக்கருவி பெரும்பாலும் பத்து மடங்கு முதல் நாற்பது மடங்கு வரையே பெருக்கிக் காட்டும். இது குறைவன்று; முழு உயிரையும் ஒருங்கே காண இவ்வளவே போதும்.

நீர்த்துளியை ஆழமற்ற கண்ணாடித் தட்டில் இட்டு, சிறிது பஞ்சிழையையும் பரப்பினால், துள்ளும் உயிர் இழைகளிடையே சற்று அடங்கி நிற்கும். நெற்றி நடுவே ஒற்றைக் கண். வாலின் இரு மருங்கிலும் முட்டைப் பைகள். இதுவே சைக்ளாப்ஸ். கிரேக்கக் கதைகளில் வரும் ஒற்றைக்கண் அரக்கனின் பெயரை இதற்கு இட்டனர். அரக்கனின் பெயர் ஒரு மில்லிமீட்டர் அளவேயுள்ள உயிருக்கு!

இச்சிறு உயிர் மக்களுக்குப் பெருந்துன்பம் விளைத்ததுண்டு. நரம்புச் சிலந்தி நோயின் புழுக்குஞ்சுகள் சைக்ளாப்ஸின் உடலில் வளர்வதை ருஷ்ய அறிஞர் பெட்சென்கோ 1870-ஆம் ஆண்டளவில் கண்டறிந்தார். அந்நீரை வடிகட்டாது பருகியவரின் உடலில் புழு புகுந்து, ஓராண்டில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வளர்ந்து, பெரும்பாலும் காலைத் துளைத்து வெளிவரும். எரிச்சல் தணிய அவர் குளத்தில் கால் வைப்பார்; புழு தன் குஞ்சுகளை நீரில் விடும்; அவற்றைச் சைக்ளாப்ஸ் விழுங்கும். இவ்வாறு நோய் தொடரும். தமிழ்நாட்டிலும் இந்நோய் இருந்தது. இதற்கு மருந்தோ தடுப்பூசியோ இல்லை. நீரைத் துணியால் வடிகட்டியும், படிக்கிணறுகளை மாற்றியமைத்தும், சைக்ளாப்ஸை அழிக்கும் மருந்தை நீரில் இட்டும் இதனை ஒழித்தனர். இந்தியாவின் கடைசி நோயாளி 1996-இல் இராஜஸ்தானத்தில் காணப்பட்டார். நாடு இந்நோயினின்று விடுபட்டதென உலக நலவாழ்வு நிறுவனம் 2000-இல் சான்றளித்தது.

கண்டதைப் படமாக்குவது வேறொரு கலை. கண்வில்லையின் மேல் ஒளிப்படக் கருவியைப் பொருத்தலாம். ஆனால் ஒரு படத்தில் உயிரின் ஒரு தளமே தெளிவாகப் பதியும். கண் தெளிந்தால் வால் மங்கும். எனவே, குவியத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல படங்கள் எடுத்து, அவற்றின் தெளிந்த பகுதிகளைக் கணினியால் ஒன்றாக்குவர். அதற்குள் உயிர் அசைந்துவிட்டால் முயற்சி வீணாகும். விளக்கின் சூடு மிகுந்தாலோ தட்டிலுள்ள துளி வற்றி, உயிர் மடியும். ஆதலால் சூடு குறைந்த ஒளியைப் பயன்படுத்தி, பார்த்து முடித்தவுடன் நீரையும் உயிரையும் எடுத்த இடத்திலேயே விடுவர்.